நாய் வயிற்றுப் புழுவும் பிள்ளையின் நீர்க்கட்டியும்: மலாக்கா குடும்பங்கள் அறிய வேண்டிய ஹைடாடிட் நோய்

குழந்தையின் கல்லீரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிரம்பிய பலூன் போல ஒரு கட்டி, வலி எதுவும் காட்டாமல் ஆண்டுக் கணக்கில் வளர்கிறது. வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ அது கண்ணில் படும்போது குடும்பத்தினருக்கு முதலில் தோன்றுவது புற்றுநோய் பயம்தான். ஆனால் சில பிள்ளைகளிடம் அது ஒரு புழுவின் குஞ்சுப் பருவம் தங்கியிருக்கும் கூடாக இருக்கும். அதன் பெயர் ஹைடாடிட் நீர்க்கட்டி.

மலேசியாவில் இது அரிய நோய். இங்குள்ள மருத்துவமனைகளில் எப்போதாவது கண்டறியப்படுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு இங்கு வந்தவர்கள். அப்படியானால் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் இந்நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஆந்திராவும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவுகளுக்கு இது புதிய நோயல்ல. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் விட்டு வருவோர், ஊரிலிருந்து திருமணமாகி வந்தோர், வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமானோர் எனப் பலருக்கும் அந்த மண்ணோடு தொடர்பு இருக்கிறது. தொற்றியது ஐந்து வயதில் என்றால் கட்டி தெரிவது பத்து வயதில் இருக்கலாம். அதற்குள் அந்தப் பயணமே வீட்டில் மறந்து போயிருக்கும்.

நாய், ஆடு, மீண்டும் நாய்

நோய்க்குக் காரணம் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழு. நாடாப்புழு என்றால் மீட்டர் கணக்கில் நீளம் என்று நினைக்கத் தோன்றும். இது அப்படியல்ல, சில மில்லிமீட்டர்தான். அரிசி மணியைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்ளலாம். வாழ்வது நாயின் சிறுகுடலில். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் இளைக்காது, நோய் காட்டாது, வழக்கம்போல வாலாட்டிக் கொண்டிருக்கும்.

புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நாய் பின்பக்கத்தை நக்கிவிட்டு உடம்பை நக்கும்போது அதன் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேயும் செம்மறி, வெள்ளாடு, மாடு, பன்றி ஆகியவற்றின் குடலில் முட்டை உடைந்து, குஞ்சுப்புழு இரத்தத்தில் ஏறிக் கல்லீரலையோ நுரையீரலையோ அடைந்து அங்கே நீர்க்கட்டியாக மாறுகிறது. ஆட்டை அறுக்கும்போது கட்டியுள்ள ஈரலை மனிதர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியது நாய்க்குப் போகும். கட்டிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புழுத்தலைகள் நாயின் குடலில் புதுப் புழுக்களாக வளர, ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மாதத்தில் அந்த நாயும் முட்டை போடத் தொடங்கும்.

இந்தச் சுழற்சியில் மனிதனுக்கு இடமே இல்லை. ஆடு விழுங்க வேண்டிய முட்டையைப் பிள்ளை தவறி விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். மனிதனிடம் வந்த புழுவுக்கு அது முட்டுச் சந்து. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு இது தொற்றாது. கட்டி உள்ள மாணவனைப் பள்ளியில் தனியாக உட்கார வைப்பதிலும், வீட்டில் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைப்பதிலும் அர்த்தமில்லை.

இறைச்சியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. ஆட்டிறைச்சி சாப்பிட்டதால்தான் இந்தக் கட்டி வந்தது என்பார்கள். கட்டியுள்ள ஈரலைத் தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டாலும் மனிதனுக்கு ஹைடாடிட் வராது. நாய் வழியாகச் சுற்றி, முட்டையாக வாய்க்குள் போனால்தான் வரும். ஆட்டிறைச்சியே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் இது வரக்கூடும் என்பது இதனால்தான். சரியாகக் கழுவாத பச்சைக் கீரை, மண் படிந்த கை, நாயை அணைத்து முத்தமிடும் பழக்கம் ஆகியவையே வழிகள்.

தோட்டத்துச் சூழலில் எங்கே கவனம் தேவை

மலாயாவில் வணிக அளவில் முதன்முதலாக ரப்பர் நடப்பட்டது மலாக்காவில்தான். 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரிந்தது. அந்தத் தோட்டங்களோடு வந்த தமிழர்களின் வாழ்க்கையில் நாயும் ஆடும் எப்போதும் இருந்தன. லயத்துக்குக் காவலாக நாய், அவசரச் செலவுக்குக் கைகொடுக்க ஆடு. 1980-களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே மரங்களுக்கு அடியில் செம்மறி வளர்ப்பதை ஊக்குவித்தது. புல் வெட்டும் செலவு மிச்சம், இறைச்சிக்கு வருமானம் என்பது கணக்கு. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பெரும்பாலான குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் நகர்ந்துவிட்டன. ஆனாலும் தோட்டத்து ஓரங்களிலும் கம்பத்து வீடுகளிலும் ஆட்டுக் கொட்டகை இன்னும் உண்டு. தெருநாய்களோ தாமானிலும் குறையவில்லை.

ஆட்டைக் கசாப்புக் கூடத்தில் அறுத்தால் கால்நடை அதிகாரி உறுப்புகளைப் பார்ப்பார், கழிவு முறையாக அகற்றப்படும். வீட்டுப் பின்புறத்தில் தீபாவளிக்கு அறுப்பதற்கும், முனியாண்டி, மதுரை வீரன் கோயில்களில் நேர்த்திக்கடனாகக் கிடா வெட்டுவதற்கும் அந்தச் சோதனை கிடையாது. வெட்டி உரித்துப் பங்கு பிரித்த பிறகு, குடலும் நுரையீரலும் வேண்டாத ஈரல் துண்டும் எங்கே போகின்றன என்று பார்த்தால், பல இடங்களில் சுற்றி நிற்கும் நாய்களுக்குத்தான். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் நாய்களுக்குப் பங்காக உள்ளுறுப்பைப் போடுவதும் பழைய வழக்கம். இங்குள்ள ஆடுகளில் இந்தப் புழு பரவலாக இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. வெளியிலிருந்து வரும் கால்நடையுடனோ நாயுடனோ புழு நுழைந்துவிட்டால், அது நிலைகொள்வதற்கான பாலம் இந்தப் பழக்கம்தான். வேண்டுதலை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. கழிவை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தால் போதும். நாய்க்குத்தான் கொடுப்பேன் என்றால் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம். கோயில் நிர்வாகங்கள் ஒரு குழியைத் தயாராக வைத்திருப்பது பெரிய செலவும் அல்ல.

பிள்ளைகளிடம் ஏன் வேறுபடுகிறது

பெரியவர்களிடம் பத்தில் ஏழு கட்டிகள் கல்லீரலிலும், இரண்டு நுரையீரலிலும் இருக்கும். சிறுவர்களிடம் நுரையீரல் கட்டிகளின் பங்கு இதைவிட அதிகம். சிறுவர் நுரையீரல் மென்மையாக, விரிந்து கொடுப்பதாக இருப்பதால் கட்டியும் அங்கே விரைவாகப் பெருக்கிறது. மூளையில் வரும் ஹைடாடிட் மிக அரிது. ஆனால் அப்படி வருவோரில் பெரும் பங்கு பிள்ளைகள்தான்.

கட்டி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை வளரலாம். கல்லீரலில் இருந்தால் வலப்பக்க மேல்வயிற்றில் மந்தமான வலி, வயிற்றுப் பெருக்கம், கையால் தடவும்போது தட்டுப்படும் கட்டி, பித்தக் குழாயை அழுத்தினால் மஞ்சள் காமாலை ஆகியவை தோன்றும். நுரையீரலில் இருந்தால் ஆறாத இருமல், நெஞ்சு வலி, சில வேளை சளியில் இரத்தம். இந்த அறிகுறிகளைக் காசநோய் என்று எண்ணி மாதக் கணக்கில் அலைந்த குடும்பங்கள் இந்தியாவில் உண்டு. கட்டி மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் பிள்ளை திடீரென்று உப்புக் கரிக்கும் தண்ணீரை வாய் நிறையத் துப்பும். அதோடு திராட்சைத் தோல் போன்ற வெள்ளைச் சவ்வும் வரலாம். அப்படி வந்தால் அந்தச் சவ்வை ஒரு சுத்தமான பாத்திரத்தில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவருக்கு அதைவிடத் தெளிவான தடயம் வேறு கிடைக்காது.

உண்மையான ஆபத்து கட்டி வயிற்றுக்குள் உடைவதில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நீர் உடலுக்கு அந்நியம். அது திடீரென்று கசிந்தால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டு, உடம்பு தடித்து, இரத்த அழுத்தம் விழுந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். உடைவைத் தாண்டிப் பிழைத்தாலும், சிந்திய புழுத்தலைகள் ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் புதுக் கட்டியாக முளைக்கும்.

எனவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு வயிறு உப்பினால் விளக்கெண்ணெய் தேய்த்து உருவி விடுவதும், தொக்கம் எடுப்பதும் தோட்டத்தில் பாட்டிமார் கைப்பழக்கம். ஆயாக்கொட்டகை நாளிலிருந்து வருவது. சாதாரண வயிற்று உப்பலுக்கு அதனால் பெரிய கெடுதி இல்லாமல் போகலாம். ஆனால் கையில் கட்டி தட்டுப்படும் வயிற்றை யாரும் அழுத்தி உருவக் கூடாது. அது ஹைடாடிட்டாக இருந்தால் உடையும். சிறுநீரகத்தில் வரும் குழந்தைப் புற்றுக் கட்டியாக இருந்தாலும் உடையும். இரண்டுமே பிழைக்க வேண்டிய பிள்ளையைப் பறிகொடுக்க வைக்கும். கட்டி தட்டுப்பட்ட அன்றே கிளினிக்குக்குப் போவதுதான் சரி.

கண்டறிவதும் சிகிச்சையும்

வயிற்றுக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் போதுமான முதல் சோதனை. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. கட்டிக்குள் சிறு குட்டிக் கட்டிகள் தேன்கூடு போலத் தெரிவது, உள்சவ்வு கழன்று நீரில் மிதப்பது போன்ற அடையாளங்களைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கட்டிகளை ஐந்து நிலைகளாக வகுத்துள்ளது. உயிருள்ள கட்டியா, மாறிக்கொண்டிருக்கும் கட்டியா, செத்துச் சுண்ணாம்பாகிப் போன கட்டியா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும். இரத்தப் பரிசோதனை துணைக்கு உதவும். ஆனால் அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குறிப்பாக உடையாத நுரையீரல் கட்டிகளில் இரத்தம் பல முறை காட்டிக் கொடுப்பதில்லை.

மருத்துவர் இந்நோயை நினைத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் நடக்கும். அரிதாக வரும் நோயை இளம் மருத்துவர் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். பெற்றோர் இங்கே உதவ முடியும். பிள்ளை எந்த ஊரில் எத்தனை காலம் இருந்தது, அங்கே ஆட்டுமந்தை இருந்ததா, வீட்டில் நாய் உண்டா என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய பயணமானாலும் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தும் ஹைடாடிட்டுக்கான முக்கிய மருந்தும் ஒன்றே: அல்பெண்டசோல். பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. குடற்புழுவுக்கு ஒரே தடவை 400 மில்லிகிராம். ஹைடாடிட்டுக்கோ உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்து, மாதக் கணக்கில் கொடுக்க வேண்டும். எண்ணெய், நெய், பால் சேர்ந்த உணவோடு கொடுத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். இடையிடையே கல்லீரலும் இரத்த அணுக்களும் சோதிக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை போட்ட பிள்ளைக்கு நீர்க்கட்டி வராது என்று நம்பி இருக்க முடியாது.

சிறிய கட்டிகளுக்கு மருந்து மட்டுமே போதுமானதாக இருக்கலாம். நடுத்தரக் கல்லீரல் கட்டிகளுக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் திரவத்தைச் செலுத்தி, சற்று நேரம் வைத்து மீண்டும் உறிஞ்சும் முறை உண்டு. 1980-களில் துனிசியாவில் உருவானது இது. மருந்துப் பாதுகாப்போடும், ஒவ்வாமைக்கான அவசர ஏற்பாட்டோடும், பழகிய கைகளால் மட்டுமே செய்ய வேண்டியது. என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி குத்திப் பார்ப்பது இதற்கு நேர் எதிர். நுரையீரல் கட்டிக்கு இந்த முறை கூடாது. பெரிய நுரையீரல் கட்டிக்கு அறுவைதான். அதற்கு முன் அல்பெண்டசோல் கொடுத்தால் சவ்வு இளகிக் கட்டி உடையும் அபாயம் இருப்பதால் பல அறுவை மருத்துவர்கள் முதலில் கட்டியை எடுத்துவிட்டுப் பிறகே மருந்து தருவார்கள். பிள்ளைகளின் நுரையீரல் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும் ஆற்றல் உள்ளது என்பதால், நுரையீரல் பகுதியை வெட்டி அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கவே முயல்வார்கள். செத்துச் சுண்ணாம்பான கட்டியை ஒன்றும் செய்யாமல் ஸ்கேனில் மட்டும் கவனித்து வருவதும் அங்கீகரிக்கப்பட்ட வழியே. அது அலட்சியம் அல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், அறுவைக்குப் பின் சராசரியாக நூற்றில் 6 பேருக்குமேல் கட்டி திரும்ப வருகிறது. அதனால் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். எந்த நேரத்திலும் உலகில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எக்கினோகாக்கஸ் நோய்களோடு வாழ்கிறார்கள் என்பதும் அதே நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆடு மேய்க்கும் ஏழைக் குடும்பத்தினர்.

ஒரு சின்னப் புத்தகம் செய்த வேலை

இந்நோயை மருந்தில்லாக் காலத்திலேயே கட்டுப்படுத்திய நாடு ஐஸ்லாந்து. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே செம்மறியும் நாயும் மனிதரும் ஒரே வீட்டில் நெருங்கி வாழ்ந்தார்கள். நோயும் கடுமையாக இருந்தது. 1863-இல் அங்கு சென்ற டென்மார்க் ஆய்வாளர் ஹரால்ட் கிராப், நாய்களைச் சோதித்துக் காரணத்தை உறுதி செய்தார். அவர் எழுதிய சிறு கையேடு 1864-இல் அச்சாகி வீடுதோறும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள் அதைப் படித்தார்கள். பின்னர் நாய்கள் பற்றிய சட்டங்களும் சேர்ந்தன. அடுத்தடுத்த தலைமுறைகளில் நோய் மறைந்தே போனது. நியூசிலாந்து நாய்களுக்கு மருந்தும் கசாப்புக் கட்டுப்பாடும் கொண்டு பல பத்தாண்டுகள் போராடி 2002-இல் தற்காலிகமாக நோயற்ற நாடு என அறிவித்தது. இப்போது ஆடுகளுக்குத் தடுப்பூசியே இருக்கிறது. மனிதருக்கு இல்லை.

மலேசியத் தோட்டங்களுக்கும் புழு ஆராய்ச்சி புதிதல்ல. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. பின்னாளில் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் புழு ஒழிப்புத் திட்டம் 1974-இல் தொடங்கி 1983-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பூச்சி மருந்து கொடுப்பது பெரும்பாலும் பெற்றோர் பொறுப்பாகவே விடப்பட்டது.

உள்ளூர் நாய் பூனைகளிடம் இன்று உண்மையிலேயே இருப்பவை வேறு புழுக்கள். டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டை மண் தின்னும் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழு கல்லீரலிலும், சில வேளை கண்ணிலும் அலைந்து பார்வையைக் கெடுக்கும். நாயின் கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறித் தோலுக்கடியில் சிவந்த கோடாக நெளியும். இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய ஆன்சைலோஸ்டோமா செய்லானிகம் என்ற நாய்க் கொக்கிப்புழு, மலேசிய கிராமப்புற மக்களின் குடலிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஹைடாடிட்டுக்கு எடுக்கும் தற்காப்பில் பெரும்பகுதி இவற்றுக்கும் பொருந்துகிறது: சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுதல், நகம் வெட்டுதல், காலில் செருப்பு, கீரையையும் உல்லாமையும் ஓடும் தண்ணீரில் கழுவுதல், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நாய் மலத்தை உடனே அகற்றுதல்.

நாய் வளர்ப்போருக்கு ஒரு விவரம். கடையில் வாங்கும் எல்லாப் பூச்சி மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. பிராசிகுவாண்டல் கலந்த மருந்தா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டுக் கொட்டகைப் பக்கம் திரியும் நாய்க்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். மாவட்டந்தோறும் கால்நடைச் சேவைத் துறை அலுவலகம் உள்ளது. வீட்டில் அறுத்த ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி கண்டால் அதைத் தூக்கி எறியாமல் அங்கே காட்டலாம்.

சந்தேகம் உள்ள பிள்ளையை முதலில் அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றால், அங்கிருந்து ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளுக்கோ மலாக்கா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். அறுவை தேவையென்றால் குழந்தை அறுவை நிபுணர் உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். குடிமக்களுக்குக் கிளினிக் கட்டணம் 1 ரிங்கிட். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டவர் கட்டணம் கேட்கப்படலாம் என்பதால், சில குடும்பங்கள் கட்டி தெரிந்தும் போகாமல் இருக்கின்றன. அத்தகைய குடும்பங்கள் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை நேரில் பார்த்து நிலைமையை விளக்கலாம். பிள்ளையின் ஆவணம் எதுவானாலும், பழைய எக்ஸ்ரே, ஊரில் எடுத்த சோதனைச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம் ஆகியவற்றையும் கையில் எடுத்துச் செல்வது நல்லது.